சளிப்பூஞ்சையின் பிளாஸ்மிட் எந்தக் குடும்பம்? மண்ணிலிருந்து டி.என்.ஏ. இரட்டிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மண்ணில் வாழும் சில சளிப்பூஞ்சை அமீபாக்களின் உட்கருவுக்குள், குரோமோசோம்களோடு ஒட்டாமல் வட்டமான சின்ன டி.என்.ஏ. ஒன்று தனியாக வாழ்கிறது. இதைத்தான் பிளாஸ்மிட் என்கிறோம். பாக்டீரியாவில் பிளாஸ்மிட் என்றால் மருந்து எதிர்ப்பு போல ஏதாவது நன்மையைத் தேடுவோம். இங்கே அப்படி எதுவும் தெரிய வந்ததில்லை. அமீபாவுக்கு எந்தக் கைம்மாறும் செய்யாமலேயே தலைமுறை தலைமுறையாக அது தங்கிவிடுகிறது. காரணம் ஒன்றுதான்: தன்னைத் தானே நகலெடுத்துக்கொள்வதில் அது கெட்டிக்காரத்தனமானது.

இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்துவது இதிலிருந்து வருகிறது. ஒரு பிளாஸ்மிட் எந்தக் குடும்பம் என்று தீர்மானிக்க அதன் நீளத்தைப் பார்க்காதீர்கள், எந்த இனத்தில் கிடைத்தது என்பதையும் பார்க்காதீர்கள். அது எப்படி இரட்டிப்பாகிறது என்று பாருங்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உயிரியல் படிக்கும் நம் மாணவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். முதல் இரண்டு படிகளை ஒரு நல்ல பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். மீதிக்கு மூலக்கூறு உயிரியல் கூடம் வேண்டும்.

முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டியவை

இந்தத் துறையின் மைய உயிரி டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம். அமெரிக்காவின் வட கரோலினா மலைக்காட்டுச் சருகிலிருந்து கென்னத் ரேப்பர் பிரித்தெடுத்து 1935-இல் விவரித்த இனம் இது. அவருடைய என்சி4 விகாரத்திலிருந்து (விகாரம் என்றால் ஒரே இனத்துக்குள் தனியாக வளர்க்கப்படும் ஒரு வழி) வந்தவைதான் இன்று ஆய்வுக்கூடங்களில் வளரும் ஏஎக்ஸ்2, ஏஎக்ஸ்3, ஏஎக்ஸ்4 எல்லாம். 2005-இல் இதன் மரபணுத்தொகுதி வெளியானது: 6 குரோமோசோம்கள், சுமார் 34 மெகாபேஸ் (3.4 கோடி டி.என்.ஏ. எழுத்துகள்), அதில் ஏறக்குறைய 78 விழுக்காடு அடினினும் (ஏ) தைமினும் (டி). இந்த 78 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் பல இடங்களில் அது உங்கள் வழியை மறிக்கும்.

1983-இல் மெட்ஸ், வார்டு, வெல்கர், வில்லியம்ஸ் ஆகியோர் இந்த அமீபாவின் உட்கருவில் அதிகப் பிரதிகளாக இருக்கும் ஒரு பிளாஸ்மிட்டை அறிவித்தார்கள். அதுவரை உட்கரு உள்ள உயிரிகளில் வட்டப் பிளாஸ்மிட் என்றால் ஈஸ்டின் 2 மைக்ரான் வட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். டிடிபி1 என்று பெயர் பெற்ற இந்தப் புதியது சுமார் 13.7 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் ஆயிரம் எழுத்து) நீளம். அப்புறம் வரிசையாக மற்றவை கிடைத்தன. இன்று நமக்குப் பயன்படும் வரைபடம் இப்படி இருக்கிறது:

டிடிபி1 குடும்பம்: பெரியது, பல மரபணுக்கள் கொண்டது.

டிடிபி2 குடும்பம்: சுமார் 5.85 கிலோபேஸ் நீளமுள்ள டிடிபி2-தான் இதன் தலைப்பிள்ளை. இரட்டிப்பை நடத்தும் ரெப் என்ற ஒரே ஒரு பெரிய மரபணுவும், எதிரெதிர்த் திசையில் இருமுறை வரும் ஓர் எழுத்துத் தொடரும் இதன் அடையாளம். அந்தத் தொடரைத் தலைகீழ் மீள்தொடர் என்பேன். டிஸ்காய்டியத்தின் டிடிபி6, ஜைகான்டியம் இனத்தின் டிஜிபி1, ஃபர்மிபேசிஸ் இனத்தின் டிஎஃப்பி1 எல்லாம் இந்தக் குடும்பம்தான். கடைசி இரண்டும் வெவ்வேறு இனங்களில் இருந்தும் நெருங்கிய உறவினர்கள். இனத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பர்ப்பூரியம் இனத்தின் சிறு பிளாஸ்மிட்கள்: 1993-இல் இவற்றை ஆராய்ந்தவர்கள் இவை முன்பு தெரிந்த எதிலும் சேராத இரண்டு புதிய குடும்பங்கள் என்றார்கள். டிக்டியோஸ்டீலியம் பர்ப்பூரியம் வெப்பமண்டல மண்ணில் நன்றாக வாழும் இனம் என்பதால் நமக்கு இது தனி அக்கறைக்குரியது.

இவற்றுக்கு நடுவில் டிடிபி5 என்று ஒன்று இருக்கிறது. சுமார் 15 கிலோபேஸ். நீளத்தைப் பார்த்தால் டிடிபி1-இன் தம்பி என்று எழுதிவிடத் தோன்றும். 1998-இல் முழுத் தொடரும் வந்தபோது அது டிடிபி1, டிடிபி2 இரண்டு குடும்பங்களின் பகுதிகளும் கலந்த கலப்புப் பிளாஸ்மிட் என்று தெரிந்தது. இந்த ஓர் உதாரணத்தை மறக்காமல் வைத்திருந்தால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம்.

படி 1: மண்ணும் அனுமதியும்

பினாங்கில் நல்ல இடம் என்றால் நிழலான காட்டின் சருகடி மண். பினாங்குக் கொடிமலைச் சரிவு, தெலுக் பாஹாங் பக்கத்துக் காடு, தண்ணீர்மலைக் கோயிலுக்கு அருகிலிருக்கும் தாவரவியல் பூங்காவின் ஓரங்கள் எல்லாம் பொருத்தமானவை. ஆனால் தேசியப் பூங்காவிலோ தாவரவியல் பூங்காவிலோ கேட்காமல் ஒரு கரண்டி மண்ணும் எடுக்காதீர்கள். உயிரியல் வளங்களை ஆய்வுக்கு எடுப்பதற்கென்றே மலேசியாவில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்கி, எடுத்த இடத்தையும் நாளையும் குறித்து வையுங்கள். தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரிடம் கேட்பது எளிது. உரமும் களைக்கொல்லியும் அடிக்காத பழைய டுரியான் தோட்டத்து மண் நல்ல தேர்வு.

சருகை விலக்கி, மக்கிய பகுதியும் மண்ணும் கலக்கும் மேலடுக்கை மட்டும் எடுங்கள். அமீபாவுக்கு இரை பாக்டீரியா, அது நிறைந்திருப்பது அங்கேதான். ஆழமாகத் தோண்டுவதில் பயனில்லை. பையை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

படி 2: தட்டில் பிரித்தெடுத்தல்

10 கிராம் மண்ணை 90 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய நீரில் குலுக்கி, மறுபடி நீர் சேர்த்து மொத்தம் 50 மடங்கு நீர்த்த கலவையாக்குங்கள். அதில் அரை மில்லிலிட்டரை வைக்கோல் சாறு அகார் தட்டில் ஊற்றி, அடர்த்தியான ஈ. கோலை கலவையை மேலே பரப்புங்கள். அகாரின் பி.எச். 6-ஐ ஒட்டி இருக்கட்டும். சத்து நிறைந்த அகார் இந்தக் கட்டத்தில் வேண்டாம், பூஞ்சை மூடிவிடும்.

நம் ஊரில் முதலில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. டிக்டியோஸ்டீலியத்துக்கு 22° செல்சியஸ் இதமானது. பினாங்கு மதியத்தில் அறையே 31, 32 என்று போகும். குளிர்ச்சி இன்குபேட்டர் இல்லாவிட்டால் இரவும் பகலும் ஏர்கோன் ஓடும் அறை வேண்டும். மாலையில் ஏர்கோனை அடைத்துவிட்டுப் போகும் கூடத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம்வரை தினமும் பக்கவாட்டு ஒளியில் தட்டைப் பாருங்கள். மெல்லிய காம்பும் உச்சியில் ஒரு துளி போன்ற வித்துத் திரளும் தெரியும். ஊதா நிறத் திரள் என்றால் பர்ப்பூரியமாகவோ, கிளை அடுக்குகள் இருந்தால் பாலிஸ்பாண்டிலியமாகவோ இருக்கலாம். இனத்தைப் பின்னால் ரைபோசோம் மரபணுவின் தொடரைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். நுண்ணிய ஊசியால் வித்தை மட்டும் தொட்டெடுத்து, பாக்டீரியா பூசிய புதுத் தட்டில் ஒற்றைச் செல்லிலிருந்து வளரும் வட்டமாக வரும்வரை மாற்றி மாற்றி வளர்க்க வேண்டும். கலப்படமான விகாரத்தில் இரண்டு பிளாஸ்மிட் கண்டால் அவை ஒரே செல்லில் வாழ்ந்தனவா என்று சொல்லவே முடியாது.

படி 3: உட்கருவை எடுத்து டி.என்.ஏ. பிரித்தல்

இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் வரும் அத்தனையும் வீண்.

முதல் ஆபத்து இரையிலேயே இருக்கிறது. நீங்கள் உணவாகக் கொடுக்கும் பாக்டீரியாவுக்கே பிளாஸ்மிட் இருந்தால் டி.என்.ஏ. துண்டுகளை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் அதுதான் அழகான கோடாக (பேண்ட்) தெரியும். பிளாஸ்மிட் இல்லாத பாக்டீரியா விகாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை மட்டும் தனியாக டி.என்.ஏ. எடுத்து எல்லா ஜெல்லிலும் ஒரு பாதையில் ஓடவிடுங்கள். "அக்கா, பேண்ட் வந்திருக்கு!" என்று ஒரு மாணவி ஓடி வந்தால் என் முதல் கேள்வி, பக்கத்தில் பாக்டீரியாவின் பாதை இருக்கிறதா என்பதுதான்.

தட்டிலிருந்து சேகரித்த அமீபாக்களைக் குளிர்ந்த பாஸ்பேட் கரைசலில் கழுவி, 500 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றுங்கள். அமீபா அடியில் படியும், பாக்டீரியா மேலேயே நிற்கும். மூன்று நான்கு முறை செய்யுங்கள். அதன்பின் சில மணி நேரம் இரையில்லாமல் குலுக்கினால் ஏற்கெனவே விழுங்கிய பாக்டீரியாவும் செரித்துவிடும்.

இரண்டாவது, நொனிடெட் போன்ற மென்மையான சோப்பால் செல்சவ்வை மட்டும் உடைத்து உட்கருவைப் படியவையுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.-யும் வட்டமானது, சுமார் 55 கிலோபேஸ், ஏராளமான பிரதிகள். மொத்த டி.என்.ஏ.-யை வெட்டினால் அதன் துண்டுகள் பளிச்சென்று வரிசையாக நிற்கும். உட்கரு மட்டும் எடுத்தாலும் ரைபோசோம் டி.என்.ஏ. இருக்கும். டிஸ்காய்டியத்தில் அது குரோமோசோமுக்கு வெளியே, 88 கிலோபேஸ் நீளமான நேர்கோட்டு மூலக்கூறாக, பல பிரதிகளாக வாழ்கிறது. அதுவும் தெளிவான பேண்டுகளைத் தரும். எனவே பேண்ட் தெரிவது மட்டும் பிளாஸ்மிட்டுக்குச் சான்று ஆகாது. வெட்டாத மாதிரியில் மீச்சுருள் வட்டமும் (இறுக முறுக்கியது) தளர்ந்த வட்டமும் தனித்தனியாக நிற்பதையும், ஒரே இடத்தில் வெட்டினால் அவை ஒரே நீளமான ஒற்றைப் பேண்டாக மாறுவதையும் காட்டுங்கள்.

எவ்வளவு தெரியும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போடலாம். 5.8 கிலோபேஸ் பிளாஸ்மிட் மரபணுத்தொகுதிக்கு 100 பிரதிகள் என்று வையுங்கள். மொத்தம் 0.58 மெகாபேஸ். 34 மெகாபேஸில் இது சுமார் 1.7 விழுக்காடு. 2 மைக்ரோகிராம் டி.என்.ஏ. ஏற்றினால் பிளாஸ்மிட் 34 நானோகிராம் இருக்கும், கண்ணுக்குத் தெளிவு. 10 பிரதிகள் மட்டும் என்றால் 3 நானோகிராம்தான். சாயத்தில் மங்கலாகக் கூடத் தெரியாமல் போகலாம். "இந்த விகாரத்தில் பிளாஸ்மிட் இல்லை" என்று எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

குறிப்பிட்ட எழுத்துத் தொடரைக் கண்டு டி.என்.ஏ.-யை வெட்டும் நொதிகளின் தேர்விலும் அந்த 78 விழுக்காடு குறுக்கிடும். ஈகோ ஆர் 1, ஹிண்ட் 3 போன்றவை ஏ, டி மிகுந்த தளங்களைத் தேடுபவை என்பதால் அடிக்கடி வெட்டும். நாட் 1 போல ஜி, சி மட்டுமே உள்ள தளத்தைத் தேடுவது பெரும்பாலும் எங்குமே வெட்டாது.

படி 4: முழுத் தொடரைப் படித்தல்

ஒரு காலத்தில் துண்டு துண்டாக ஈ. கோலையில் ஏற்றிப் படித்தார்கள். ஏ, டி மிகுந்த நீளமான துண்டுகளை ஈ. கோலை விரும்புவதில்லை, பகுதிகளை உதறிவிடும். இப்போது நானோபோர் போன்ற நீள்வாசிப்பு முறை (நீளமான டி.என்.ஏ.-யை ஒரே தொடராகப் படிப்பது) இருப்பதால் அந்தப் பாடு தேவையில்லை. குறுவாசிப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. தலைகீழ் மீள்தொடர் வாசிப்பைவிட நீளமாக இருந்தால், இரண்டு கைகளும் ஒன்றாக மடங்கி, பிளாஸ்மிட் உண்மையைவிடச் சின்னதாகக் காட்டப்படும். குடும்பத்தை அடையாளம் காட்டும் பகுதியே அப்படித் தொலைந்துவிடும்! முழு வட்டத்தையும் ஒரே மூச்சில் கடக்கும் வாசிப்புகள் சிலவாவது வேண்டும்.

பிரதி எண்ணிக்கையும் இங்கேயே கிடைக்கும்: பிளாஸ்மிட்டின் வாசிப்பு ஆழத்தை (ஒவ்வோர் இடமும் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதை) குரோமோசோமின் வாசிப்பு ஆழத்தால் வகுத்தால் போதும்.

படி 5: குடும்பத்தைத் தீர்மானித்தல்

இப்போது உங்கள் தொடரில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ரெப் புரதத்தை ஒத்த மரபணு இருக்கிறதா? டி.என்.ஏ. மட்டத்தில் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். எல்லாத் தொடரும் ஏ, டி மயமாக இருப்பதால் பொய்யான ஒற்றுமைகள் குவியும். புரதமாக மொழிபெயர்த்து அமினோ அமில வரிசையில் ஒப்பிடுங்கள்.

தலைகீழ் மீள்தொடர் இருக்கிறதா, அது ரெப்பிலிருந்து எங்கே நிற்கிறது? டிடிபி2-இல் இரட்டிப்பின் தொடக்கப் புள்ளி இந்த மீள்தொடர்ப் பகுதியோடு இணைந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. ஈஸ்டின் 2 மைக்ரான் வட்டத்திலும் தலைகீழ் மீள்தொடர் உண்டு. அங்கே ஃபிளிப் என்ற நொதி அந்தத் தொடர்களுக்கு இடையே டி.என்.ஏ.-யைப் புரட்டிப்போட்டுப் பிரதிகளைப் பெருக்க உதவுகிறது. உங்கள் பிளாஸ்மிட்டிலும் மீள்தொடர் கண்டவுடன் "இதுவும் ஈஸ்ட் மாதிரிதான்" என்று எழுதாதீர்கள். டிடிபி2-இல் அப்படிப்பட்ட நொதிக்கான மரபணு இல்லை. இருக்கும் ஒரே பெரிய மரபணு ரெப்.

மூன்றாவது, மீதி மரபணுக்கள் யாருடையவை? ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். முழு வட்டத்துக்கும் ஒரே உறவுமரம் போட்டால் டிடிபி5 போன்ற கலப்புகள் மறைந்துவிடும். கலப்பு கிடைத்தால் ரெப்பும் தொடக்கப் புள்ளியும் எந்தக் குடும்பமோ அதை முதலில் எழுதுங்கள், மற்றதைப் பக்கத்தில் சொல்லுங்கள். இரட்டிப்பை நடத்துவது எதுவோ அதற்குத்தான் முதல் உரிமை என்பது என் நிலைப்பாடு.

படி 6: உண்மையிலேயே இரட்டிப்பாகிறதா என்று நிரூபித்தல்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தொடர் ஊகத்தைத் தரும், இந்தச் சோதனைதான் விடையைத் தரும்.

மரபணு மாற்றம் செய்யப்போகிறீர்கள் என்பதால், தொடங்குமுன் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் போங்கள். மலேசியாவில் 2007-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இதற்கு உண்டு.

சந்தேகிக்கும் தொடக்கப் பகுதியை ஜி418 என்ற செல்கொல்லி மருந்துக்கான எதிர்ப்பு மரபணுவோடு ஈ. கோலை பிளாஸ்மிட் ஒன்றில் சேர்த்து, ஏஎக்ஸ்2 அமீபாவுக்குள் மின்துடிப்பால் செலுத்துங்கள். பரவலாகப் பயன்படும் முறை: ஹெச்50 என்ற மின்துடிப்புக் கரைசல், 1 மில்லிமீட்டர் குழல், 0.85 கிலோவோல்ட், 25 மைக்ரோஃபாரட், 5 விநாடி இடைவெளியில் இரண்டு துடிப்பு. ஒரு நாள் கழித்து ஜி418 மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் சேர்க்கலாம். நீங்கள் பிடித்த காட்டு விகாரத்தையே பயன்படுத்த வேண்டுமென்றால் அது திரவ ஊடகத்தில் வளராது, பாக்டீரியாவைத் தின்றுதான் வளரும். சாதாரணப் பாக்டீரியாவை ஜி418 கொன்றுவிடும். அதற்கு ஜி418 தாங்கும் பாக்டீரியாவை இரையாகக் கொடுக்கும் முறை இருக்கிறது.

அமீபா பிழைத்துவிட்டது என்பதால் மட்டும் பிளாஸ்மிட் இரட்டிப்பானது என்று ஆகாது. அது குரோமோசோமுக்குள் நுழைந்திருக்கலாம். ஆகவே டிபிஎன் 1 என்ற வெட்டு நொதியைக் கொண்டு சோதனை. சாதாரண ஈ. கோலையில் வளர்ந்த டி.என்.ஏ.-யின் ஜிஏடிசி தளங்களில் மெத்தில் குறி இருக்கும். அமீபாவுக்குள் இரட்டிப்பானால் புதிய இழைகளில் அந்தக் குறி இருக்காது. டிபிஎன் 1 குறி உள்ளதை வெட்டும், எம்போ 1 குறி இல்லாததை வெட்டும். பல தலைமுறை வளர்த்தபின் எடுத்த டி.என்.ஏ. டிபிஎன் 1-ஐத் தாங்கி நின்று, எம்போ 1-க்கு உடைந்தால், அது அமீபாவுக்குள் பிறந்த டி.என்.ஏ. ஒரே ஒரு சுற்று இரட்டிப்பான டி.என்.ஏ.-யில் ஓர் இழைக்குக் குறி மிச்சம் இருக்கும் என்பதால் அவசரமாக எடுக்கக் கூடாது. கூடவே வெட்டாத மாதிரியில் வட்ட வடிவங்கள் தனியாக நிற்கின்றனவா என்பதையும் காட்ட வேண்டும்.

அடுத்து ரெப்பைப் பிரித்துச் சோதியுங்கள். டிடிபி2 வகையில், ரெப் மரபணு குரோமோசோமில் இருந்தாலே போதும், தொடக்கப் பகுதி மட்டும் உள்ள பிளாஸ்மிட் அந்தச் செல்லில் வாழும். உங்கள் பிளாஸ்மிட்டின் தொடக்கப் பகுதியை, டிடிபி2-இன் ரெப் உள்ள செல்லில் போட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் உறவு எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். ஏற்காவிட்டாலும் அது பயனுள்ள விடை: தொடரில் உறவு, செயலில் பிரிவு.

படி 7: தொடக்கப் புள்ளியை நேரில் பார்த்தல்

1987-இல் ப்ரூவரும் ஃபேங்மனும் ஈஸ்டில் காட்டிய இரு பரிமாண ஜெல் முறை இங்கும் பொருந்தும். முதல் திசையில் மெதுவாக, அளவைக் கொண்டு பிரிக்கிறோம். இரண்டாம் திசையில் அடர்ந்த ஜெல்லில், வேகமாக, வடிவத்தைக் கொண்டு. வெட்டிய துண்டுக்குள்ளேயே தொடக்கப் புள்ளி இருந்தால் குமிழி வில் தெரியும், வெளியிலிருந்து இரட்டிப்புக் கவை (இரு இழைகளும் பிரியும் முனை) வந்து கடந்தால் ஒய் வில். பல நொதிகளால் வெட்டி, எந்தத் துண்டில் குமிழி வருகிறது என்று சுருக்கிக்கொண்டே வாருங்கள். டி.என்.ஏ.-யைக் கையாளும்போது கவை உடைந்தால் குமிழியும் ஒய் மாதிரியே தெரியும் என்பதால் எங்கும் வேகமாக உறிஞ்சவோ குலுக்கவோ கூடாது.

டிக்டியோஸ்டீலியத்தில் இதற்கு ஒரு சிரமம்: செல்கள் ஆளுக்கொரு நேரத்தில் பிரிகின்றன, எந்த நொடியிலும் இரட்டிப்பில் இருப்பவை கொஞ்சம்தான். இந்த விஷயத்தில் ஃபைசாரம் பாலிசெபாலம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சை ஓர் அதிசயம். ஒரே பிளாஸ்மோடியத்தில் (பல உட்கருக்கள் கொண்ட ஒற்றைப் பெரிய செல்) கோடிக்கணக்கான உட்கருக்கள் ஒரே நேரத்தில் பிரியும். செல் பிரிவுக்கும் டி.என்.ஏ. இரட்டிப்புக்கும் நடுவே வரும் ஜி1 இடைவெளியே இல்லை. பிரிந்த உடனே டி.என்.ஏ. இரட்டிப்புத் தொடங்கி சுமார் 3 மணி நேரம் ஓடும். பிரிந்த நிமிடத்தைப் பார்த்து ஒரு துண்டை வெட்டினால் இரட்டிப்பின் எந்தக் கட்டம் வேண்டுமோ அது கையில் கிடைக்கும். குரோமோசோம்களின் இரட்டிப்பு நேரத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல உயிரி எனக்குத் தெரியவில்லை. ஓட்ஸ் தூவிய அகாரில், இருட்டில் வளர்க்கலாம்.

ஆனால் அதன் பிளாஸ்மிட்டை டிக்டியோஸ்டீலியக் குடும்பங்களோடு கலக்காதீர்கள். ஃபைசாரத்தில் எம்எஃப் என்று ஒன்று இருக்கிறது: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வாழ்வது, வட்டமல்ல, சுமார் 14.5 கிலோபேஸ் நேர்கோடு, மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைவதைத் தூண்டுவது. இரண்டு உயிரிகளையும் சளிப்பூஞ்சை என்று அழைக்கிறோம், அவ்வளவுதான். இரட்டிப்பு முறை வேறு, இருப்பிடம் வேறு.

படி 8: ஒரே செல்லில் இரண்டு

கடைசியாக ஒத்துப்போகும் தன்மையைச் சோதியுங்கள். ஏற்கெனவே ஒரு பிளாஸ்மிட் உள்ள விகாரத்தில் உங்களுடையதை ஜி418 கொண்டு ஏற்றி, பல தலைமுறை வளர்த்து, பழையது எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். பழையது மறைந்தால் இரண்டும் ஒரே இரட்டிப்புக் கட்டுப்பாட்டுக்குப் போட்டியிடுகின்றன என்று கொள்ளலாம். இரண்டும் நிலைத்தால் தனித்தனி வழி. ஒப்பீட்டுக்காக, ஜி418 இல்லாமலும் ஒரு குடுவை வளருங்கள். மருந்தின் அழுத்தத்தால் புதியது வெல்வதையும், இயல்பாகவே வெல்வதையும் அப்போதுதான் பிரிக்க முடியும். மரபணுத் தொடரில் ஒரே குடும்பமாகத் தெரிந்தவை இங்கே சேர்ந்து வாழ்ந்தால் திகைக்காமல் ரெப்பின் வேறுபாடுகளைத் திரும்பப் போய்ப் பாருங்கள்.

வித்துகளைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, குறைந்தது இரண்டு இடங்களில் சேமியுங்கள். பிளாஸ்மிட் உள்ள காட்டு விகாரத்தை நீண்ட நாள் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் அது பிளாஸ்மிட்டை இழந்துவிடக் கூடும் என்பதால், முதன்முதலில் டி.என்.ஏ. எடுத்த அதே வாரத்திலேயே வித்தையும் சேமித்துவிட வேண்டும். குப்பியின் மேல் மண் எடுத்த இடம், நாள், அனுமதி எண் மூன்றையும் எழுதுங்கள்.